முதல் வழிபாடு நீராடல்: முதியோருக்கேற்ற சிறு குளியலறை

குடியாத்தம் மக்களுக்கு வைகாசி முதல் நாள் ஏனைய நாட்களைப் போன்றதன்று. தரணம்பேட்டை முத்தியாலம்மன் ஆலயத்திலிருந்து அன்னையின் சிரசு புறப்பட்டு, கோபாலபுரம் கெங்கையம்மன் ஆலயத்தை அடையும் திருநாள் அது. பொழுது புலருமுன் எழுந்து, தலைக்கு நீராடி, தூய ஆடை உடுத்திச் சிரசை எதிர்கொள்வது எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நாளில் என் தமக்கையார் சிரசைத் தரிசிக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 74. விடியற்காலையில், மகனுடைய அடுக்குமாடி வீட்டின் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தாழ்ப்பாள் உள்ளே இடப்பட்டிருந்தது. கதவோ உட்புறமாகத் திறப்பது. அவர் அக்கதவின் மீதே சாய்ந்து கிடந்தார். கதவைப் பெயர்த்து அவரை மீட்பதற்குள் மேள ஓசை தெருவைக் கடந்து போயிற்று.

இடுப்பெலும்பு முறிவு சில மாதங்களில் கூடியது. அச்சம் மட்டும் நீங்கவில்லை. குளியலறைக்குள் கால் வைக்கவே தயங்கினார். நீராடாமல் விளக்கேற்ற மனம் ஒப்பவில்லை. விளக்கேற்றாமல் உணவு இறங்கவில்லை. ஒருமுறை வழுக்கியது, அறுபது ஆண்டு கால வழிபாட்டையே நிறுத்தி வைத்தது.

இதனை விதி என்று விட்டுவிடலாகாது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி. ஈரத்தரையும் இறுகிய இடமும் கொண்ட குளியலறை, வீட்டிலேயே முதியோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடமாகும்.

சாஸ்திரத்தின் பரிவு

நீராடல் வழிபாட்டின் முதல் அங்கம். கெங்கையம்மனாக நாம் வணங்கும் ரேணுகாதேவியின் வரலாறே நீர்த்துறையில்தான் தொடங்குகிறது. நாள்தோறும் ஆற்று மணலில் குடம் வனைந்து நீர் கொணர்ந்தவள் அவள். எனினும் நம் முன்னோர், நீரில் மூழ்குவதை மட்டுமே ஸ்நானம் என்று கொள்ளவில்லை. நீரால் ஆவது வாருணம். திருநீற்றால் ஆவது ஆக்னேயம். பசுக்களின் குளம்புத் தூளியால் ஆவது வாயவ்யம். வெயிலோடு பெய்யும் மழையால் ஆவது திவ்யம். இறைவனை உள்ளத்தில் நினைப்பது மானசம். நோயுற்றோரும் முதியோரும் கழுத்துக்குக் கீழே நீராடலாம், ஈரத்துணியால் உடலைத் துடைத்துக் கொள்ளலாம் என்றும் இசைவு தந்தனர். தளர்ந்த உடலுக்குச் சாஸ்திரமே இவ்வளவு இரங்கும்போது, வீடு கட்டுவோர் இரங்காதிருக்கலாமா?

கருவறை காட்டும் வழி

நாள்தோறும் பலமுறை நீராட்டு நிகழும் சிறிய அறை ஒன்றை நாம் அனைவரும் அறிவோம், அதுவே கருவறை. அங்கே அபிஷேக நீர் தேங்குவதில்லை. தரையின் சரிவு அதனைக் கோமுகி வழியே வெளியே சேர்த்துவிடும். நம் குளியலறைக்கும் முதல் இலக்கணம் இதுவே: நீர் நிற்கலாகாது, வாயிலை நோக்கி வரவும் கூடாது.

ஏழடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள அறையாயின், கதவருகே சிறிய கைகழுவும் தொட்டி, அடுத்து மேற்கத்திய கழிப்பிடம், கடைசியில் சன்னலின் கீழ் நீராடும் இடம் என்று வரிசையாக அமைத்தல் நலம். அப்போது கதவருகே உள்ள தரை உலர்ந்தே இருக்கும். நீராடும் பகுதியைப் பிரிக்கப் படியோ கண்ணாடித் தடுப்போ வேண்டா. படி காலை இடறும். சரிவும் ஒரு நெகிழித் திரையும் போதும். சரிவு ஓரடிக்குக் கால் அங்குலம் அளவில் இருக்கலாம். அடுக்குமாடி வீட்டில் தரையைப் பெயர்ப்பவர், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைப் புதிதாக இடாமல் டைல்ஸ் பதிக்கக் கூடாது. நம் வீட்டு ஸ்நான நீர் கீழ்வீட்டாரின் கூரையில் சொட்டினால் அது புண்ணியம் ஆகாது.

பளபளக்கும் டைல்ஸ் சுவருக்கு அழகு, தரைக்கு ஆபத்து. தரைக்குச் சொரசொரப்பான, ஓரடிக்கு மேற்படாத சிறு டைல்ஸ் தகும். இணைப்புக் கோடுகள் மிகுதியாக இருப்பதால் பாதத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். தரைக்கும் சுவருக்கும் வெவ்வேறு நிறம் இருந்தால், மங்கிய கண்ணுக்கும் எல்லை புலப்படும்.

பற்றிக்கொள்ள ஒரு கம்பி

தடுமாறும் கை முதலில் துண்டு மாட்டும் கம்பியையே பற்றும், அது பெயர்ந்துவிடும். ஆகவே ஒன்றரை அங்குலப் பருமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடிகளைச் செங்கற்சுவரில் ஆழமாக முடுக்கி அமைக்க வேண்டும். உயரம் இரண்டரை முதல் மூன்றடி. நீராடும் இடத்தில் ஒன்று, கழிப்பிடத்தருகே ஒன்று. கழிப்பிடத்தின் பக்கத்தில் சுவர் இல்லையெனில், பின்சுவரிலிருந்து மடக்கி இறக்கும் கம்பி கிடைக்கிறது. கழிப்பிட இருக்கை பதினெட்டு அங்குல உயரம் இருந்தால் முழங்கால் வலியுடையோர் எளிதில் எழலாம்.

நின்று நீராடுவதை விட அமர்ந்து நீராடுவதே முதுமைக்கு உகந்தது. கால்களில் ரப்பர் பொருத்திய, கைப்பிடியுள்ள அகன்ற இருக்கை ஒன்று வேண்டும். வாளியைத் தரையில் வைக்காமல் ஓரடி உயர மேடையில் வைத்தால் குனிய வேண்டியதில்லை. புடவையும் வேட்டியும் ஈரத்தரையில் நின்று உடுத்துவதும் விழுவதற்கு ஒரு காரணம். கதவுக்கு வெளியே உலர்ந்த இடத்தில் ஒரு நாற்காலி இட்டு, அமர்ந்தே உடுத்துக.

கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். தாழ்ப்பாள், வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். விளக்கின் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருந்தால், இருளில் உள்ளே நுழைய நேராது.

வெந்நீரும் எண்ணெயும்

கீசரின் வெப்பத்தை 50 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டா. 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகே வெந்நீர் என்னும் ஒழுங்கைக் கைக்கொள்க. மின் கசிவை உணர்ந்து தானே நின்றுவிடும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். எரிவாயுக் கீசரை அறைக்குள் வைப்பது உயிருக்கே தீங்கு. அதன் நச்சுப்புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

எண்ணெய் நீராட்டன்று எண்ணெயை வெளியே அமர்ந்து தேய்த்துக் கொள்க. உள்ளங்காலில் மட்டும், குளியலறை இருக்கையில் அமர்ந்த பின்னரே தேய்த்துக் கொள்க. நீராடி முடிந்ததும் வீட்டிலுள்ள இளையோர் தரையைத் தேய்த்துக் கழுவட்டும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு மிகுதி. அந்நீரில் சோப்பு கரையாமல் வெண்படலமாகித் தரையில் படியும், அதுவே வழுக்கும். வாரம் இருமுறை தேய்த்துக் கழுவினால் படலம் தங்காது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் ஒன்று சேரலாகாது, நச்சுவாயு எழும்.

அறையைப் புதுப்பிக்க இயலாதோர், வாடகை வீட்டில் வாழ்வோர், மூன்றையேனும் செய்க: வழுக்காத ரப்பர் விரிப்பு, உறுதியான ஒரு கைப்பிடி, வெளியிலிருந்து திறக்கும் தாழ்ப்பாள்.

மீண்டும் ஏற்றிய விளக்கு

தமக்கையாரின் மகன் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து முடித்தான். முதல் நாள் மருமகள் கதவருகே நிற்க, தமக்கையார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இருக்கையில் அமர்ந்தார். சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு கங்கை, யமுனை, கோதாவரி எனக் காவிரி வரை நதிகளை அழைக்கும் அவருடைய குரல் கேட்டது. நீர் விழும் ஒலியும் கேட்டது. அன்று மாலை வரை காத்திராமல் அப்போதே விளக்கேற்றினார். அடுத்த வைகாசியில், நாற்காலியில் அமர்ந்தபடியேனும், தெருமுனையில் சிரசைத் தரிசித்தார்.

பெற்றோருக்குப் பட்டும் பண்டமும் வாங்கித் தரும் பிள்ளைகள், அவர்கள் அஞ்சாமல் நீராட ஓர் இடத்தையும் அமைத்துத் தரட்டும். அவர்கள் ஏற்றும் விளக்கின் பயன் இல்லம் முழுமைக்கும் உரியதன்றோ? அன்னை கெங்கையம்மன் அனைவரையும் காத்தருள்வாளாக.