சான்றிதழ் எட்டாத கைகள்

1993-க்கு முந்தைய புனேயில் தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குள் இறங்கிக் கிளறுவதுதான் வேலை. அழுகிய சோறு, உடைந்த கண்ணாடி, தெருநாய்கள். இவற்றுக்கு நடுவே அகப்படும் பால் கவரும் பாட்டிலும் கோணிக்குள் போகும். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். எங்காவது களவு போனால் சந்தேகம் முதலில் விழுந்தது அவர்கள் மேல்தான். மாலையில் பழைய சாமான் கடைக்காரர் தராசில் வைத்துச் சொன்னதே அன்றைய கூலி.

1993-இல்தான் சமூக ஆர்வலர் பாபா ஆடாவ் போன்றோரின் துணையோடு குப்பை பொறுக்குவோருக்காக ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’ என்ற தொழிற்சங்கம் எழுந்தது. முதலில் அடையாள அட்டை கேட்டார்கள். சில ஆண்டுகளில் மாநகராட்சி அதை ஏற்றது. 2008-இல் அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. தொட்டிக்குள் இறங்கியவர்கள் இன்று தள்ளுவண்டியோடு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். வீடுகள் மாதக் கட்டணம் தருகின்றன; பிரித்த பொருளை விற்கும் உரிமையும் அவர்களுக்கே.

இந்த இரட்டை வருமானம்தான் புனே கண்ட பெரிய மாற்றம் என்பேன். கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிந்துவிடும். பழையதை ஆலைகள் சீண்டாது. தராசை மட்டும் நம்பியவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. எடுத்துவரும் உழைப்புக்கே தனிக் கூலி இருந்தால் எரியும். சிப்ஸ் உறை, ஷாம்பூ பாக்கெட் போன்றவற்றுக்குக் கடையில் விலையே இல்லை என்பதால் அவை தெருவிலேயே கிடக்கின்றன. ஒரு கிலோ சேர எத்தனை உறைக்குக் குனிய வேண்டும்!

இந்த உறைகளை எடுப்பதற்கு அன்று யாரிடமும் பணம் கேட்க வழியில்லை. இன்று சட்டமே கேட்கிறது. 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் நிறுவனங்கள் அதற்கென நிர்ணயித்த அளவு பிளாஸ்டிக் மறுசுழற்சியானதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உலக வங்கி 2024 ஜனவரியில் 10 கோடி டாலர் கடன்பத்திரமே வெளியிட்டு, கானாவிலும் இந்தோனேசியாவிலும் பிளாஸ்டிக் சேகரிப்புக்கு வழிசெய்தது.

ஆனால் இந்தியாவில் சான்றிதழ் பிறப்பது பதிவுபெற்ற ஆலையில்தான். பொறுக்கியவர், சின்னக் கடை, பெரிய வியாபாரி என்று கைமாறி வந்த எடை முழுவதும் ஆலையின் கணக்கில் ஏறுகிறது. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடித்தது. பிளாஸ்டிக்கே இல்லாத அந்தக் காகித டன்கள், வெயிலில் நடந்து சேர்த்த உண்மையான கிலோவின் விலையையும் அல்லவா கீழே இழுக்கும்? பணம் புழங்கும் இடத்துக்கு லாரியோடு பெரிய ஒப்பந்ததாரர்களும் வந்துவிடுவார்கள். குப்பை லாரிக்குள் போய்விட்டால் பொறுக்குபவருக்கு எதுவும் மிஞ்சாது. புனேயிலும் ஒவ்வொரு முறை ஒப்பந்தக் காலம் முடியும்போதும் இந்தப் பயம் திரும்பி வருகிறது.

2024-இல் தூய்மைப் பணியாளர்களுக்கான மத்திய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்தில் குப்பை சேகரிப்போரும் சேர்க்கப்பட்டார்கள். அடையாள அட்டை, கையுறை, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவசியம்தான். ஆனால் சான்றிதழ் விற்ற காசில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு சேகரித்தவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். அப்படிப் பணம் போனதற்கான ரசீது இல்லாத சான்றிதழ் செல்லாது என்று வழிகாட்டு நெறிகளிலேயே எழுத வேண்டும்.