வெற்றிடத்தை வடிவமைக்கும் வேதியியல்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஓமர் யாகி தலைமையில் இயங்கும் வேதியியல் ஆய்வுக்குழு, பாலைவனக் காற்றிலிருந்து குடிநீரையும் நகரக் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடையும் பிரித்தெடுக்கும் திண்மப் பொருள்களை அண்மை ஆண்டுகளில் அடுத்தடுத்து உருவாக்கிக் காட்டியுள்ளது. இப்பொருள்களுக்கு அடித்தளமான கண்டுபிடிப்புக்காக 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு யாகிக்கும், கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சுசுமு கிட்டகாவாவுக்கும், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ராப்சனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அம்மான் நகரில் பாலஸ்தீன அகதிக் குடும்பமொன்றில் பிறந்து, குழாயில் எப்போதாவது சில மணி நேரமே நீர் வந்த வீட்டில் வளர்ந்து, 15 வயதில் அமெரிக்கா சென்ற ஒருவர் காற்றில் உள்ள நீரைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டதில் வியப்பில்லை.

உலோகக் கரிமச் சட்டகம் (எம்.ஓ.எஃப்) என்பது இக்குழுவின் ஆய்வுகளுக்கெல்லாம் மூலமான பொருள்வகை. உலோக அயனிகளின் சிறு தொகுதிகள் மூலைகளாகவும், கார்பனை அடிப்படையாகக் கொண்ட கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் கம்பிகளாகவும் அமைந்து, எல்லாத் திசைகளிலும் ஒரே ஒழுங்கில் நீளும் படிகமே இது. படிகத்தின் உட்புறம் பெரும்பாலும் வெற்றிடமாக இருப்பதால், நுழையும் வாயு மூலக்கூறுகள் துளைகளின் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் பரப்புக் கவர்தல் என்பர். இத்தகைய சட்டகங்கள் உள்ளிருக்கும் கரைப்பானை நீக்கியதும் இடிந்து விழுந்துவிடும் என்ற ஐயம் தொடக்கத்தில் பரவலாக நிலவியது. 1999இல் யாகியின் குழு வெளியிட்ட எம்.ஓ.எஃப்-5 அந்த ஐயத்தைப் போக்கியது. துத்தநாகத்தையும், பாலியெஸ்டர் துணிக்கு மூலப்பொருளான டெரிஃப்தாலிக் அமிலத்தையும் கொண்டு உருவான அப்படிகம், காலியான நிலையில் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியும் குலையவில்லை. அதன் ஒரு கிராமில் அடங்கிய உட்பரப்பு ஏறத்தாழ 2,900 சதுர மீட்டர், அதாவது சுமார் 70 சென்ட் நிலத்தின் பரப்பு.

பிடித்துவைப்பதைவிட விடுவிப்பதே கடினம் என்பதை நன்குணர்ந்து செயல்பட்டதே இக்குழுவின் பிற்காலப் பணிகளின் சிறப்பு எனலாம். சியோலைட் போன்ற பழைய உறிஞ்சுபொருள்களும் காற்றின் ஈரத்தைக் கவர்கின்றன என்றாலும், கவர்ந்த நீரை இறுகப் பற்றிக்கொள்வதால் அதனை மீட்க மிகுந்த வெப்பம் வேண்டியிருக்கிறது. 2017இல், சிர்கோனியம் கொண்ட எம்.ஓ.எஃப்-801, ஒப்பு ஈரப்பதம் 20 சதவீதமாகக் குறைந்த காற்றிலிருந்தும் நீரைக் கவர்ந்து சூரிய வெப்பத்திலேயே விடுவிக்கும் என்பதை இக்குழு மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்களுடன் இணைந்து நிறுவியது. சிர்கோனியம் விலை மிக்கது என்பதால் அடுத்து மலிவான அலுமினியத்தைக் கொண்ட எம்.ஓ.எஃப்-303 உருவாக்கப்பட்டு, 2019இல் மொஹாவி பாலைவனத்தில் ஒரு கிலோகிராம் பொருளுக்கு நாளொன்றுக்கு 0.7 லிட்டர் நீர் கிடைத்தது. பின்னர் டெத் வேலி என்னும் கடும் வெப்பப் பள்ளத்தாக்கில், மின்சாரமின்றிச் சூரிய வெப்பத்தை மட்டுமே கொண்டு இயங்கும் கருவியும் சோதிக்கப்பட்டது.

இவற்றினும் ஆழமானது 2021இல் வெளிவந்த ஆய்வு. எம்.ஓ.எஃப்-303இன் துளைக்குள் முதலில் நுழையும் நீர் மூலக்கூறுகள் எங்கே அமர்கின்றன, அவற்றைப் பற்றிக்கொண்டு அடுத்தவை எவ்வாறு கூட்டமாகி வலைபோல் பரவுகின்றன என்பதை எக்ஸ் கதிர்களின் உதவியால் படிப்படியாக வரைந்துகாட்டிய ஆய்வாளர்கள், முதல் இருக்கைகளின் பிடிமானம் மிகையானது என்று கண்டறிந்து, இணைப்பு மூலக்கூறுகளில் ஒரு பகுதியை மாற்றியமைத்து, நீரை விடுவிக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் குறைத்தனர். கிடைத்த பொருளைப் பயன்படுத்துவது ஒன்று, அதன் உள்ளமைப்பை அறிந்து வேண்டியவாறு திருத்துவது வேறொன்று. இரண்டாவதே உயர்ந்த வேதியியல்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட சி.ஓ.எஃப்-999 என்னும் சகப்பிணைப்புக் கரிமச் சட்டகத்திலும், பிடித்ததை எளிதில் விடுவிக்க வேண்டும் என்ற இதே அக்கறை தெரிகிறது. இதில் உலோகம் இல்லை. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான சகப்பிணைப்புகளாலேயே சட்டகம் முழுதும் கட்டப்பட்டு, அதன் துளைகளில் கார்பன் டை ஆக்சைடைக் கவரும் அமீன் என்னும் நைட்ரஜன் சேர்மங்கள் பொருத்தப்பட்டுள்ளன. காற்றில் அவ்வாயுவின் பங்கு சுமார் 0.04 சதவீதமே என்பதால் அதனைத் தேர்ந்து பிடிப்பது அரிய செயல். ஆலைகளில் இன்று வழங்கும் அமீன் கரைசல்களை, வாயுவை மீட்பதற்காக 100 டிகிரிக்கும் மேல் சூடாக்க வேண்டியிருக்க, சி.ஓ.எஃப்-999 சுமார் 60 டிகிரியிலேயே அதனை விடுவித்துவிடுகிறது. இதன் 200 கிராம் ஓராண்டில் 20 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் என்பது குழுவின் மதிப்பீடு.

சட்டகங்களைத் தயாரிக்கும் வழிகளைத் தொகுத்தறிய, 2023இல் இக்குழு செயற்கை நுண்ணறிவையும் துணைக்கழைத்தது. ஆய்வுக் கட்டுரைகளில் சிதறிக் கிடந்த தயாரிப்பு விவரங்களைச் சாட்ஜிபிடியைக் கொண்டு திரட்டியதில், ஏறத்தாழ 800 சட்டகங்கள் குறித்து 26,000க்கும் மேற்பட்ட தரவுகள் தொகுக்கப்பட்டன.

இருப்பினும், சி.ஓ.எஃப்-999 பெர்க்லியின் திறந்த காற்றில் தாங்கியதாகக் காட்டப்பட்டிருப்பது, வாயுவைக் கவர்ந்து விடுவிக்கும் 100 சுற்றுகளே. ஆலையில் பயன்பட வேண்டுமெனில் அது பல்லாயிரம் சுற்றுகளைத் தாங்க வேண்டும், டன் கணக்கில் மலிவாகத் தயாராகவும் வேண்டும். இவ்விரண்டும் இனிமேல்தான் மெய்ப்பிக்கப்பட வேண்டியவை.