ஸீஸன் டிக்கெட் யாருக்கு லாபம்?

அகளியில் ரயில் நிலையம் கிடையாது. அட்டப்பாடியிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் ஆனைகட்டி வழியாகப் பஸ்ஸில் கோவை சென்று, அங்கேதான் ரயில் ஏற வேண்டும். ஸீஸன் டிக்கெட் எடுப்பதா, அன்றன்று டிக்கெட் வாங்குவதா என்ற கேள்வி அங்கே எழுகிறது. கூலிப் பணத்தில் பத்து ரூபாயும் பெரிது அல்லவா?

கணக்கு எளிது. மாத ஸீஸன் கட்டணத்தை ஒரு தடவைக் கட்டணத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணிக்கைக்கு மேல் பயணம் செய்பவருக்கே ஸீஸன் லாபம்.

கோவையில் அறை எடுத்துத் தங்கி, மாதம் 25 நாள் திருப்பூர் போய் வருபவருக்கு 50 பயணம் ஆகிறது. அவருக்கு ஸீஸன்தான் சரி. திங்களன்று சென்று, அங்கேயே தங்கி, சனிக்கிழமை ஊர் திரும்புபவருக்கு எட்டு அல்லது பத்துப் பயணமே. அவர் பாசஞ்சர் வண்டியில் செல்பவரானால் தனி டிக்கெட்டே மலிவு. எக்ஸ்பிரஸ் கட்டணம் அதிகம் என்பதால், அதில் செல்பவர் இரண்டு கட்டணங்களையும் கேட்டு வகுத்துப் பார்ப்பது நல்லது.

மூன்று மாத ஸீஸனுக்கு மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான். ஆனால் இடையில் வேலை நின்றுபோனால், பயன்படுத்தாத நாட்களுக்குப் பணம் திரும்பாது. சூப்பர்பாஸ்ட் வண்டிக்குத் தனிக் கட்டணமும் உண்டு.

ஓணமும் பொங்கலும் வரும் மாதங்களில் விடுமுறையைக் கழித்து வேலை நாட்களை எண்ணிய பிறகே கவுண்டருக்குச் செல்வது உத்தமம்.