கொம்பனியின் கெண்டைக்கால்

2015 டிசம்பர் 26. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியின் கேப்டன் வின்சென்ட் கொம்பனி மாற்று வீரராகக் களமிறங்கினார். கெண்டைக்கால் காயம் ஆறித் திரும்பியிருந்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, வெளியேறிவிட்டார். மறுபடியும் கெண்டைக்கால்!

பிரஸ்ஸல்ஸில் வளர்ந்து, 17 வயதில் ஆண்டர்லெக்ட் அணிக்கு ஆடத் தொடங்கி, பெல்ஜியத்துக்காக 89 ஆட்டங்கள் ஆடிய ஒருவரை ஒரு கைப்பிடிச் சதை ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்தியது?

கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள். வெளியே புடைத்துத் தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அதற்கு அடியில் தட்டையாகக் கிடப்பது சோலியஸ். இரண்டும் சேர்ந்து குதிகால் தசைநாணில் முடிகின்றன. ஓடும்போது அந்த நாண் தாங்கும் விசை, உடல் எடையைப் போல் ஆறு மடங்கைத் தாண்டும். மேல்தசைக்கு ஒரு கூடுதல் சிக்கல். அது முழங்கால், கணுக்கால் என இரண்டு மூட்டுகளைக் கடந்து செல்கிறது. பாதத்தை ஊன்றி முழங்காலை நீட்டிப் பாயும் கணத்தில், சுருங்க முயலும் தசையையே இரு முனையிலும் பிடித்து இழுக்கிறோம். பெரும்பாலும் கிழிவது அப்போதுதான்.

முன்கள வீரருக்கு எப்போது ஓடப்போகிறோம் என்பது தெரியும். கொம்பனி போன்ற தடுப்பாட்டக்காரருக்குத் தெரியாது. முன்பாதத்தில் எடையை வைத்துப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருப்பார். எதிராளி திரும்பினால் தானும் திரும்பி, நின்ற இடத்திலிருந்து முழு வேகமெடுக்க வேண்டும். அதிலும் கொம்பனி காத்திருந்து தடுத்தவர் அல்லர். எதிராளி பந்தை வாங்குமுன் முன்னே பாய்ந்து பறிப்பது அவர் பாணியாக இருந்தது. கணிப்பு பலித்தால் நீண்ட ஓட்டம் மிச்சம். ஆனால் பாய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் கெண்டைக்கால்தான் விலை கொடுத்தாக வேண்டும்.

கிழிந்த தசை முழுக்கத் தசையாகவே ஆறுவதில்லை. நடுவில் வடுத்திசு உருவாகிறது. அது தசையைப் போல் சுருங்காது, நெகிழவும் நெகிழாது. தைத்த வேட்டி தையலை ஒட்டியே மறுபடி கிழிவதுபோல, அடுத்த கிழிசல் வடுவுக்குப் பக்கத்தில் வர வாய்ப்பு அதிகம். கெண்டைக்கால் காயம் வருமா என்பதைக் காட்டும் வலுவான அறிகுறிகள் இரண்டு: ஏறும் வயது, ஏற்கெனவே பட்ட காயம். முப்பதை நெருங்கிய கொம்பனியிடம் இரண்டுமே இருந்தன. 2016-17 பிரீமியர் லீக்கில் அவர் ஆடியது 11 ஆட்டங்கள்தான்.

அதே மனிதர் 2019 மே 6 அன்று செய்ததைப் பாருங்கள். லெஸ்டருக்கு எதிராக 70ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. பட்டத்துக்கு லிவர்பூல் நெருக்கிக்கொண்டிருந்தது. பெனால்டி பகுதிக்கு வெகு வெளியே பந்து கொம்பனியின் காலில். அடிக்காதே என்று சுற்றிலும் சொன்னது காதில் விழுந்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார். அடித்தார். பந்து வலையின் மேல்மூலையில் போய் விழுந்தது. உதைப்பவரின் வலக்காலைத்தான் நாம் பார்க்கிறோம். ஊன்றிய இடக்காலோ, ஓட்டத்தை நிறுத்தி அந்த வேகத்தை இடுப்பு வழியாக வலக்காலுக்குத் திருப்பிவிட வேண்டும். ஊன்றிய கால் தளர்ந்தால் உதையில் உரம் இருக்காது. சிட்டி 98 புள்ளிகளோடு பட்டம் வென்றது; லிவர்பூலுக்கு 97.

அந்த செப்டம்பரில் மான்செஸ்டரில் கொம்பனிக்கென்றே ஒரு பாராட்டு ஆட்டம் நடத்தினார்கள். அதில் அவரால் ஆட முடியவில்லை. இந்த முறை பின்தொடைத் தசை.