புகைக்கூண்டில்லா வீடுகளில் அடுப்புப் புகையை வெளியேற்றும் முறை

தஞ்சை ஜில்லாவின் காவிரிப் பாசன நாட்டில் விறகுக்காடுகள் அருமை. வைக்கோல் மாட்டுக்கு வேண்டும். ஆகையால் வறட்டி, உமி, தென்னைமட்டை, சவுக்கு விறகு, மரக்கரி ஆகியவையே நெடுங்காலம் அடுப்பெரிக்க உதவி வந்தன. சமையல் வாயு உருளை பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்ட பின்னும், நெல் அவிக்கவும் வெந்நீர் காய்ச்சவும் பழைய அடுப்பை மூட்டும் குடும்பங்கள் உண்டு. அவ்வீடுகளிற் பலவற்றில் புகைக்கூண்டு கிடையாது. ஓட்டிடுக்கிலும் கீற்றிலும் கசிந்து போமெனப் புகை விடப்பட்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதவும் சாளரமும் அடைபட்டு, விறகும் நனைந்திருக்குங்கால், அடுப்பங்கரையிலுள்ள பெண்டிரும் குழந்தைகளும் படுந்துன்பம் சொல்லுந்தரமன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டினுள் எழும் இத்தகைய புகையால் 2020-ம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர்.

கரியடுப்புக்கு இக்குறையில்லை எனப் பலர் எண்ணுகின்றனர். குமுட்டியில் கரி கனன்றபின் புகை காணாதாகையால், மழைநாளில் அதைப் படுக்கையறைக்குக் கொண்டுபோவதும், பிள்ளை பெற்றவளின் அறையில் கணப்பாக வைத்துக் கதவைச் சாத்துவதும் உண்டு. இது பேரபாயம். காற்றுக் குறைந்த கனலினின்று கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயு எழுகின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளை அது பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பின்பு குமட்டலும் மயக்கமும் தோன்றும். உறங்குவோர் அதனையும் அறியாது மாள்வர். வெண்சாம்பல் பூத்த கனலால் கெடுதியில்லை என்பது தவறு. அறையில் ஒரு குடம் தண்ணீர் வைத்தால் விஷம் நீங்கும் என்பதும் தவறே. அவ்வாயு நீரில் மிகச் சொற்பமாகவே கரையும். ஆகையால் குமுட்டி திறந்த தாழ்வாரத்திலன்றி வேறெங்கும் எரிதல் கூடாது. மயங்கினவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

வீட்டினுள் எரியவேண்டிய அடுப்பைக் களிமண்ணால் மூடிய உடலாகக் கட்டி, அதன் பின்புறத்தே குழாய் வைப்பதே வழி. 1947-ல் வார்தாவில் தோன்றிய மகன் அடுப்பும், ஹைதராபாத் எஞ்சினீயரிங் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு 1953-ல் நூலாக விளக்கிய அடுப்பும் இவ்வகையினவே. ஒரே தீயில் அடுத்தடுத்துப் பாத்திரங்கள் காயும். கடைசியில் புகை குழாயேறும். கொடியடுப்புக் கட்டத் தெரிந்த கைக்கு இது புதிதன்று.

கூரையைத் துளைக்க மனமில்லாதவர் சுவர் வழியே குழாயை விடலாம். 4 அங்குல விட்டமுள்ள தகரக் குழாயோ சுட்ட மண்குழாயோ ஏற்றது. பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும். சுவரைக் கடக்கும் பகுதி குட்டையாகவும், வெளிநோக்கிச் சற்றே உயர்ந்தும் இருத்தல் வேண்டும். பலர் செய்யும் பிழை, குழாயைச் சுவரின் வெளிப்புறத்தோடு அறுத்து விடுவது. மேற்குச் சுவராயின் ஆடிக்காற்றும், வடக்குச் சுவராயின் வாடையும் புகையை உள்ளே திருப்பும். சூடான காற்று இலேசாகி மேலெழுவதாலேயே இழுப்பு உண்டாகின்றது. குழாய் நெடிதாயின் இழுப்பும் மிகும். எனவே வெளியே அதை நிமிர்த்தி, கூரைக்கு 2 அடியேனும் மேலே உயர்த்தி, மழை புகாதபடி தகரத்தொப்பி கவிக்க வேண்டும். குழாய்க்கும் கீற்றுக்கும் ஒரு முழ இடைவெளி விடாவிடில், கோடையில் வீடு மட்டுமன்று, தெருவே பற்றிக்கொள்ளும். இறவாரம் தாழ்ந்த கீற்று வீடுகளுக்கு இம்முறை ஏற்றதன்று. அடுப்பைக் கொல்லைப்புறத்துத் தனிக்கொட்டகைக்கு மாற்றுதலே உசிதம்.

வெளியேறும் புகைக்கு ஈடாகக் காற்று உள்ளே வராவிடில் எவ்வளவு நல்ல குழாயும் இழுக்காது. அடுப்பங்கரைச் சுவரின் அடியில் சிறிய திறப்பொன்று மழையிலும் அடைபடாதிருக்க வேண்டும். 1983-ல் தொடங்கி 2002-ல் முடிந்த தேசிய அடுப்புத் திட்டத்தில் வைத்த குழாய்கள் பலவும் கரி அடைத்தே பயனிழந்தன. மாதமொருமுறை துடைப்பதற்காக, குழாயின் அடியில் மூடியுள்ள வாய் ஒன்று விடுதல் அவசியம். எரிபொருள் குறைவதால் மிஞ்சும் சாணம் வயலுக்கு எருவாகும். விறகுச் சாம்பலைத் தென்னைக்கு இடலாம். நிலக்கரிச் சாம்பலைத் தோட்டத்தில் கொட்டலாகாது.