எங்க அத்தையோட பல்லும் ஒரு சென்சார்தான்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன், பென்னாகரம் பக்கம். போட்டோ எடுக்கும்போது அத்தை வழக்கம்போல வாயை மூடிக்கிட்டே சிரிச்சாங்க. முன்பற்களில் கோடு கோடாக மஞ்சளும் பழுப்புமாகக் கறை. பொண்ணு பார்க்க வந்த ஒருத்தர் "பல்லே விளக்காதா?" என்று கேட்டதை இன்னும் மறக்கலை.

விளக்காததால் வந்த கறை இல்லை அது. எங்க மாவட்டத்தில் பல இடங்களில் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். நிறம், வாசனை எதுவும் காட்டாது. இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது 2013-இல். அதன் முழுப் பெயரிலேயே 'ஃப்ளூரோசிஸ் தணிப்பு' என்று இருக்கும். அத்தைக்கு அப்போ பல் முளைத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

பல் எனாமலை உருவாக்கும் செல்கள் சின்ன வயசில்தான் வேலை செய்யும். பெரும்பாலான பற்களுக்கு எட்டு வயசோட சரி. அந்த நேரத்தில் ஃப்ளூரைடு கூடினால் எனாமல் சரியாக அமையாது. பல் வெளியே வந்ததும் அந்த செல்களே இருக்காது, திருத்த ஆளில்லை. யோசிச்சுப் பார்த்தால், அந்த செல்கள் ஆபத்தைச் சரியாகவே பதிவு பண்ணியிருக்கு. நாமதான் லேட்டா, ஒரு பொண்ணோட வாயில் அதைப் படிச்சோம்.

அதே சிக்னலை மனுஷங்களுக்கு வெளியே, முன்கூட்டியே படிப்பதுதான் செல் பயோசென்சர். நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் ஐவர் கியேவரும் சார்லஸ் கீஸும் 1984-இல் ஒரு எளிமையான வழி காட்டினாங்க. தங்க மின்முனை மேல் செல்களை வளர்க்கணும். செல்கள் நெருக்கமாகப் பரவி ஒட்டிக்கிட்டா மின்சாரம் போக வழி குறையும், மின்தடை ஏறும். நச்சுப்பொருள் பட்டால் செல்கள் சுருங்கும், இடைவெளி விழும், மின்தடை இறங்கும். செல்லுக்குச் சாயம் ஏத்த வேண்டாம், கொல்லவும் வேண்டாம். கிராஃபைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்.

நம்ம ஐடி பாஷையில் சொல்றேன். ரசாயனப் பரிசோதனை, லாக் ஃபைலில் ஒரு குறிப்பிட்ட வார்த்தையைத் தேடுற மாதிரி. தேடாத விஷம் சிக்காது. செல் வந்து ஹெல்த் செக். என்ன விஷம்னு அதுக்குப் பேர் தெரியாது. ஆனா ஏதோ தப்பா இருக்குன்னு சொல்லிடும்.

மருந்துகளுக்கு இது உயிர் காக்கிற விஷயம். டெர்ஃபெனடின் என்று ஒரு அலர்ஜி மாத்திரை, லட்சக்கணக்கானவங்க சாப்பிட்டாங்க. வேறு சில மருந்துகளோட சேர்ந்தபோது இதயத் துடிப்பின் தாளத்தையே கெடுத்தது. 1990-களின் கடைசியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துட்டாங்க. இன்னிக்கு ரத்த செல்லிலிருந்தோ தோல் செல்லிலிருந்தோ ஸ்டெம் செல் செய்து, அதை இதய செல்லாக மாத்தி, மின்முனைத் தட்டில் துடிக்க விட முடியுது. மருந்தை ஊத்தினால், துடிப்புக்குப் பிறகு செல் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் நீளுதா என்பது அங்கேயே தெரியும். இந்தியாவும் 2023-இல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, விலங்குச் சோதனைக்குப் பதிலாக இப்படிப்பட்ட மனித செல் முறைகளுக்கும் இடம் கொடுத்தது.

ஆனா எங்க ஊர்த் தண்ணீரை இந்தத் தட்டில் ஊத்தினால்? பெரிசா ஒண்ணும் தெரியாது. லிட்டருக்கு 2, 3 மில்லிகிராம் ஒரே நாளில் செல்லைச் சாய்க்காது. அது வருஷக்கணக்கில் பல்லிலும் எலும்பிலும் சேர்ற கணக்கு.

அதுக்கு வேறொரு வழி பாக்டீரியாகிட்ட இருந்தது. ஃப்ளூரைடு வந்தால் மட்டும் ஆன் ஆகுற ஒரு ஆர்என்ஏ சுவிட்சை யேல் பல்கலைக்கழகத்தில் 2012-இல் கண்டுபிடிச்சாங்க. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு அந்த சுவிட்சையும், செல்லுக்குள்ளிருந்து புரதம் செய்யும் சாமான்களையும் எடுத்து, சின்ன டியூபில் உலர்த்தி வச்சாங்க. கறாராச் சொன்னா அது உயிருள்ள செல் இல்லை, செல்லோட இன்ஜின் மட்டும். ஒரு துளி தண்ணீர் விட்டால் போதும், ஃப்ளூரைடு அதிகமிருந்தா டியூப் மஞ்சளாகும். கோஸ்டாரிகாவில் எரிமலை அடிவார ஊர்த் தண்ணீரில் சோதிச்சு 2020-இல் வெளியிட்டாங்க.

இதை அத்தைகிட்ட சொன்னேன். "பல்லுக்குப் பதிலா டியூப் மஞ்சளாகுமா? நல்லதுதான்டா" என்றாங்க.

ஒரு சிக்கல் இருக்கு. அந்த டியூப் அமெரிக்க அளவான 2 மில்லிகிராமை வச்சுச் செய்தது. நம்ம எல்லை 1.5. நம்ம ஊருக்குக் கொண்டு வரணும்னா அந்த சுவிட்ச் இன்னும் கொஞ்சம் சீக்கிரமா ஆன் ஆகணும்.