இலக்கத்தகடும் ஓர் எழுத்தும்

இலங்கையின் வடக்கிலுள்ள ஜெயபுரத்து வீதியில் செல்லும் கார்களையும் லொறிகளையும் சற்று நின்று நோக்குவோர், முன்புறம் வெண்மையும் பின்புறம் மஞ்சளுமான இலக்கத்தகட்டின் இடப்பக்கத்தில் சிறிதாகப் பொறித்த ‘என்.பி.’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பலவற்றிற் காணலாம். 2000ஆம் ஆண்டு தொடங்கிய வரிசையில், வாகனம் வட மாகாணத்தது என்பதைத் தென்னிலங்கைச் சாரதிக்கும் அறிவித்தவை அவையே.

இத்தகடு முன்னொரு காலத்தில் பெருங் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய மறு ஆண்டாகிய 1957இல், ஆங்கில எழுத்துகளை நீக்கிச் சிங்கள லிபியில் ‘ஸ்ரீ’ பொறிக்கும் விதி அமுலாகவே, தமிழர் பலர் தம் வாகனங்களில் அதனைத் தமிழ் எழுத்திலேயே தீட்டிக்கொண்டனர். தமிழரசுக் கட்சி அதனை ஓர் அறப்போராக நடத்திற்று. 1958இல் அரசுடைமையான பஸ் வண்டிகள் சிங்கள ‘ஸ்ரீ’யைத் தாங்கி வடக்கே வந்தபோது அவ்வெழுத்தின்மீது தார் பூசப்பட்டது, மட்டக்களப்பில் அதனை அழித்த அக்கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் சிறை புகுந்தார். தெற்கிலோ தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பெற்றன. பிரதமர் பண்டாரநாயக்கா செல்வநாயகத்துடன் செய்திருந்த பண்டா–செல்வா ஒப்பந்தம் ஏப்ரலில் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது.

ஓர் எழுத்துக்காக இத்துணைத் துன்பமோ என வினவுவது நியாயமன்று. தன் பொருள் கொடுத்து வாங்கிய வாகனத்தின் நெற்றியிலும் தன் மொழிக்கு இடமில்லை என்ற அவமானமே அன்றைய சாரதியை வருத்திற்று.

பின்வந்த வரிசையில் ‘ஸ்ரீ’ நீங்கி, இலக்கங்களுக்கிடையே சிறு கோடு மாத்திரம் நின்றது. ஆயினும், முன்னர்ப் பதிவான பழைய கார்கள் சில இன்றும் சிங்கள ‘ஸ்ரீ’யுடனேயே ஓடுகின்றன.